அருவிக்குக் கிடைத்த நல்ல பேர்

பெருங்காய வாசனையோடுதான் அந்த மாத்திரை என் நாக்கில் படும். காலியான பெருங்காய டப்பாவில் போட்டு, அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள் அம்மா. தென்காசியில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் "சத்து மாத்திரை" என்று சொல்லவேண்டும். கவனம் நிற்காத, கைகால் அடங்காத பிள்ளைகளுக்கான மருந்து என்று தெரிந்துவிட்டால், நாளைக்கு என்னைப் பெண் பார்க்க எவன் வருவான் என்பது அவள் கவலை. எனக்கு அப்போது பத்து வயது.

அதற்குமுன் தெருவில் எனக்குப் பேர் "வாயாடி". மாத்திரை விழுங்க ஆரம்பித்தபின் கணக்கு மண்டையில் ஏறியது, டீச்சர் எழுதிப்போட்டது முழுதாகக் கண்ணில் பட்டது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் மத்தியானம் சோறு இறங்காது, எதைக் கேட்டாலும் சிரிப்பு வராது, சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்குகிற நேரத்தில் சட்னியில் உப்பு கூடிவிட்டதென்றுகூட விசும்பி விசும்பி அழுவேன்.

அந்த வருடக் குற்றாலச் சீசனுக்கு ராயகிரியிலிருந்து அத்தை வந்தாள். அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் பித்தம் தெளியும் என்று நம்புகிறவள். தலையில் எண்ணெயை வைத்து ஐந்தருவிக்குக் கூட்டிப்போனாள். முந்தின வருடம் பெண்கள் வரிசையில் கூச்சல் போட்டு மானத்தை வாங்கிய நான், இப்போது துண்டைப் பிடித்தபடி பேசாமல் நின்றதைக் கண்டு பூரித்துப்போனாள்.

"பாத்தியளா மதினி, போன வருசம் குளிச்ச குளியல்ல பிள்ளைக்குத் தெளிஞ்சிட்டு. இப்பந்தான் பொம்பளப்பிள்ள மாதிரி நிக்கா."

அம்மா ஆமாம் என்றாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பாராட்டு என்னுடையதல்ல, அருவியுடையதும் அல்ல.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா, மங்குஸ்தான் விற்கிறவர் கூவுவதைப்போலச் செய்துகாட்டச் சொன்னார். வீட்டில் யார் வந்தாலும் நான் காட்டுகிற வித்தை அது. குரல் தெரியும், செய்யத்தான் தோன்றவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக் காத்திருந்தார்கள். "சரி, விடுட்டி" என்று அப்பா வெளியே சாரலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

அந்த மாதம், மாத்திரை எழுதிக்கொடுத்த திருநெல்வேலி டாக்டர், பிள்ளை சாப்பிடுகிறாளா, சிரிக்கிறாளா என்று கேட்டார். "ரொம்ப அடக்கமா இருக்கா சார், ஒரு குறையும் இல்ல" என்றாள் அம்மா. என் சிரிப்பைத் திருப்பிக் கேட்க எனக்கு இருந்த ஒரே இடம் அதுதான். குறை சொன்னால் பழையபடி அடங்காப்பிடாரி என்பார்களோ என்று கூசிப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே அளவு மருந்து பல வருடம் ஓடியது.

வேலைக்குச் சென்னை வந்தபிறகு பார்த்த டாக்டர், இவ்வளவு மந்தமாக இருந்தால் அளவு கூடுதல் என்று அர்த்தம், அப்போதே சொல்லியிருந்தால் குறைத்திருப்பார்களே என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். குறைத்தார். பசி வந்தது, சிரிப்பும் வந்தது. கூவிக்காட்டு என்று கேட்க அப்பாதான் இல்லை.

போன சீசனில் அம்மாவோடு ஐந்தருவிக்குப் போனேன். ஓர் அம்மாளின் செருப்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு மாத்திரை போடலையோ?"

போட்டுவிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. என் கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.