அரக்குப் பாவில் ஒரு பச்சோந்தி

அப்பாவுக்கு மாற்றல் வந்ததால் ஜூனில் காஞ்சிபுரம் வந்தோம். புதுப் பள்ளியில் எனக்கு இன்னும் தோழிகள் இல்லை. பச்சோந்தி நாக்கை நீட்டிப் பூச்சி பிடிப்பதாக நூலகப் புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்க, போன ஞாயிற்றுக்கிழமை ஐயம்பேட்டைக்குத் தனியாகவே கிளம்பினேன். (அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான்.)

காலை 5.40க்கு ஷேர் ஆட்டோ. சுமார் எட்டு கிலோமீட்டர், இருபது ரூபாய்.

"தனியா எங்கம்மா போற?" என்றார் ஓட்டுநர்.

"பச்சோந்தி பாக்கண்ணா."

"அதுக்கு இவ்ளோ தூரமா? எங்க வூட்டுக்கு வா, என் மச்சான் இருக்கான்."

6.05க்கு இறங்கினேன். வேலிகளில் எல்லாம் ஓணான்கள்தான். நெசவாளர் தெரு ஒன்றில் சத்தம் கேட்டுப் போனேன். தெரு நீளத்துக்கு அரக்கு நிறப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதுதான் பாவு, வெயில் ஏறுவதற்குள் சுற்றி எடுத்துவிட வேண்டும். அதன் நடுவில், வேப்பமரத்திலிருந்து விழுந்த பச்சோந்தி ஒன்று நூலை இறுகப் பிடித்திருந்தது.

"வெசம்பா அது, அடி!" என்றார் ஒருவர்.

"அடிச்சா இழை அறுந்துடும்பா!" என்று தடுத்தார் பாவுக்குச் சொந்தக்காரரான கமலாக்கா. "நூல் கலருக்கு மாறிக்கினு வேற இருக்குது!"

மாறவில்லை. இலைகளுக்குள் அதை மறைக்கிற பச்சை, அரக்கின் மேல் காட்டிக்கொடுத்துவிட்டது. பயத்தில் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

"வெசம் இல்லக்கா. இழுத்தா நகத்தோட நூலும் வந்துடும். நான் எடுக்கறேன்."

"பத்து நிமிசம்தாம்மா. அப்புறம் நான் பொறுப்பில்ல."

வேப்பங்கொம்பை அதன் முன்னால் நீட்டினேன். அசையவில்லை. வேலியில் வெட்டுக்கிளி ஒன்றைப் பிடித்துவந்து கொம்பின் மேல் விரலால் பிடித்துக்கொண்டேன். ஒரு கண் கமலாக்காவையே பார்த்திருக்க, மற்றது மட்டும் என் விரலுக்குத் திரும்பியது. பிறகு இரண்டும். காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் ஆடி, ஓரடி வைத்தது. நாக்கு வந்ததே தெரியவில்லை. விரலில் வெட்டுக்கிளி இல்லை.

"யம்மா! எங்க மாமியார் நாக்கே தோத்துச்சு!" என்றார் கமலாக்கா. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மென்றுகொண்டே அது ஒவ்வொரு காலாகக் கொம்புக்கு மாறியது. ஓர் இழைகூட அறவில்லை. எல்லோரும் அவசரமாகப் பாவுக்குத் திரும்பினார்கள். நான் மட்டும் அதை நொச்சி வேலிக்குக் கொண்டுபோய் விட்டேன். பையை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். காணோம். பேருந்து வரும்வரை, கால் மணி நேரம், இலை இலையாகத் தேடினேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழரைக்குள் போங்கள். பாவைத் தொடாதீர்கள். பச்சோந்தியைக் கையால் இழுக்காதீர்கள், கொம்பு நீட்டுங்கள். முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் குனியும்போது இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.