காவேரிப்பாக்கம் ஏரியில் ஒரு கடற்கரை

என் மனைவி ஜைனப்புக்குக் கடல் பார்க்க வேண்டும். கல்யாணமான எட்டு வருஷமாக இதே பேச்சு. ஆம்பூர்த் தோல் ஷாப்பில், தோலை ஊறவைத்துப் பதனிடும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் நிற்கிற எனக்கு வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் விடுமுறை. சென்னைக்குப் போய்த் திரும்ப அது போதாது. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு முதலாளி கடற்கரை மாதிரியே உல்லாசபுரி கட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், போன தை மாதம் கிளம்பிவிட்டோம்.

முதல் நாளே கறையும் வாடையும் போகப் புளியும் எலுமிச்சம்பழமும் போட்டுக் கையைத் தேய்த்தேன். அத்தரும் பூசிக்கொண்டேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. யாருக்காக அந்தத் தேய்ப்பு?

காலை ஐந்தரை வண்டி. வாலாஜா ரோடு வரை ஆளுக்குப் பதினாலணா. அங்கிருந்து பத்து மைல் பஸ், நாலணா. பத்து மணிக்கு வாசலில் நின்றோம். நுழைவுச் சீட்டு இரண்டணா.

வாசலில், தள்ளினால் சுழன்று ஒவ்வொரு ஆளாக உள்ளே விடும் இரும்புக் கம்பி. புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்ததில் அதுவும் நனைந்திருந்தது. முன்னால் ஏழெட்டுப் பேர். கம்பியைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தேன். பட்டைச்சாறு ஊறிய கை ஈர இரும்பில் பட்டால் மை மாதிரி கறுத்துவிடும். அதனால்தான் தொட்டிப் பக்கம் இரும்பு வாளியே வைக்கமாட்டோம். பதினைந்து வருஷ வேலைக்காரன், அதை மறந்துவிட்டேன்.

சீட்டைக் கிழித்தபிறகு வாசல்காரர் கறுத்துப்போயிருந்த என் கையைப் பார்த்தார்.

"யோவ், இன்னா கை இது? தோல் ஷாப்பா? உள்ள பெரிய மனுஷங்க வந்துகீறாங்க. துட்ட வாங்கினு கெளம்பு."

"சீட்டு கிழிச்சாச்சு. துட்டு வாணாம்," என்றேன். கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டேன். கோபத்தில்தான்.

"நாத்தம்யா!"

"உங்க கால்ல கீற செருப்பு மட்டும் மணக்குதா?" என்று கேட்டது நானில்லை, ஜைனப். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பியைத் தள்ளினாள். "நீங்க வர்றீங்களா, நான் மட்டும் போவட்டுமா?"

பெண்பிள்ளையை அவர் எப்படித் தடுப்பார்? நானும் பின்னாலேயே நுழைந்தேன்.

உள்ளே தண்ணீரில் மரக்கால்கள் நட்டு, அதன்மேல் முந்நூறு அடிக்குப் பலகைப் பாதை. இருபுறமும் சோடாக் கடை, சங்குக் கடை, ராட்டினம், கிராமபோன். கடல் மணல் என்று கொட்டியிருப்பது நம் பாலாற்று மணல்தான், சத்தியம் செய்வேன். எங்களைக் கண்டு இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள். நாங்கள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தோம். பலகை முடியும் இடத்தில் எதிர்க்கரை மங்கலாகத் தெரிந்தது. அலை காலடியில் தட்டியது.

"கடல் இவ்ளோதானா?"

"இத விட ஜாஸ்தி."

"அப்ப இது கணக்குல சேராது. மெட்ராசுக்கு லீவு கேளுங்க," என்றாள். கேட்டுவிட்டேன். பங்குனியில் மூன்று நாள் கிடைத்திருக்கிறது.

திரும்பும்போது ஏரியில் கையை நனைத்து, வாசலருகே விதிமுறை எழுதிய வெள்ளைப் பலகையில் அழுத்தி வைத்தேன். ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. வாசல்காரர் கத்தினார். கத்தட்டும்.

போகிறவர்களுக்கு: கட்டுச்சோறு கொண்டுபோங்கள், உள்ளே விலை அநியாயம். ஜும்மாவுக்கு ஊருக்குள்ளேயே பள்ளிவாசல் இருக்கிறது. கடைசி பஸ் ஐந்து மணிக்கு. தோல் ஷாப்புக்காரர்கள் எலுமிச்சம்பழத்துக்குக் காசைக் கரியாக்காதீர்கள். கம்பியை நன்றாகவே பிடியுங்கள். அந்தப் பலகையில் என் கைக்குப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.