பரீட்சை முடியும்வரை நான் காத்த கேட்

பாறையும் கள்ளியுமாகக் கிடந்த மேட்டில் நர்சிங் பள்ளிக்கு மூன்று மாடி எழுப்பியவன் நான். அதற்கு முன்னால் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பெரிய பெரிய டாக்டர்களுக்கு வீடு, காரமடையில் கல்யாண மண்டபம், கோபிப் பக்கம் அரிசி மில். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மண் சுமக்கப் போனவன். பிளானில் இருக்கிற இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, கோடு தெரியும். நான் கட்டின சுவரில் ஒரு விரிசலைக் காட்டுங்கள், பார்க்கலாம். இத்தனையும் கட்டினதை விட ஒரு பெண்ணைப் பாஸாக்கத்தான் நான் அதிகம் பட்டேன். அதை எங்கேயும் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஒரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளி அது. ஹாஸ்டலுக்கு மேல்மாடி போட்டுக்கொண்டிருந்தேன், கமிட்டியிலும் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். காரமடையிலிருந்து வந்து என்னிடம் சித்தாளாக இருந்த ஒரு அம்மாள், புருஷனை இழந்தவள், அவள் மகளை நான்தான் சொல்லி அங்கே சேர்த்துவிட்டேன். ஊர்ப் பள்ளியில் நல்ல மார்க் வாங்கின புள்ளை, முதல் வருஷம் அனாடமியில் பெயில். அவள் மட்டுமில்லை, பாதி வகுப்பு.

கமிட்டியில் பெரிய டாக்டர், மெட்ராஸ்காரர், சொன்னார்: “தமிழ் மீடியம் பொண்ணுங்க. மண்டையில ஏறாது.”

இங்கிலீஷும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேல்மாடிச் சாரத்தில் நின்று நான் தினமும் பார்த்தேனே! ஆஸ்பத்திரியில் சம்பள நர்சுகள் பத்தாது. ஆயா வருவாள். “அம்மணி, வார்டுல ஆளில்லையாமா, செத்த வந்துட்டுப் போவீங்களாமா.” புள்ளைகள் “சரிங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போகும். திரும்பி வந்து துணிக்குச் சோப்புப் போட்டபடியே உட்கார்ந்து தூங்கும். நம்ம புள்ளை பரீட்சைப் பேப்பர் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டது. எலும்பின் பெயரெல்லாம் அதற்குத் தெரியும்.

இதைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். “யாரையும் கட்டாயப்படுத்தலையே மேஸ்திரி. கேட்டா சரிங்கன்னு சந்தோஷமா வர்றாங்க.”

“ஏனுங்க டாக்டர், மாமியாக்காரி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி வைஞ்சாலும் எங்க பக்கம் சரிங்கன்னுதான் சொல்லுவாங்க. அது சம்மதமுங்களா?”

“மேஸ்திரி இனி வைவா பரீட்சையும் நடத்துவார் போல.” எல்லாரும் சிரித்தார்கள். டீ வந்தது. பேச்சு முடிந்தது.

மறுபடியும் பெயிலானால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்பது சட்டம். அதனால் அடுத்த பரீட்சைக்குப் படிப்பு லீவு விட்ட அன்றே நான் ஹாஸ்டல் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கூப்பிட வந்த ஆயாவைத் திருப்பி அனுப்பினேன்.

“உங்களுக்கு மீசை வெச்ச வார்டன்னு பேரு வெச்சிருக்கறாங்க” என்றாள்.

“வெக்கட்டும். பெட்பேன் எடுக்க ஆளில்லைன்னா டாக்டரையே எடுக்கச் சொல்லு.”

பரீட்சை ஆரம்பித்த பிறகு ஒரு பகலில் டி.வி.எஸ். பிஃப்டியில் அந்தப் புள்ளையின் தாய்மாமன் வந்து இறங்கினான். அக்காவுக்கு மஞ்சக்காமாலை முத்திப்போச்சு, கவர்மென்ட் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள், புள்ளையை அனுப்புங்கள் என்றான். கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, அவனை வெளியிலேயே நிற்க வைத்துவிட்டு நான் போய்ப் பார்த்தேன். கட்டில் கிடைக்காமல் தரையில் பாயில் கிடந்தாள். மண் சுமந்த அந்தக் கை மஞ்சள் அரைத்துப் பூசினதுபோல் இருந்தது.

“அம்மிணி, புள்ளையைக் கூட்டியாரட்டுமா?”

“வேண்டாமுங்க மேஸ்திரி. இவன் மஞ்சக் கயித்தை ஜோப்புலயே வெச்சுட்டுச் சுத்தறானுங்க. புள்ள வெளிய வந்தா, சாகறவ கண்ணுல பாத்துட்டுப் போகட்டும்னு நாலு பேரைக் கூட்டிக் கட்டிப்போடுவான். எனக்குத் தடுக்கத் தெம்பில்லீங்க. பரீட்சை முடியட்டும். சொல்லிப்போடாதீங்க.”

முறைமாமன், யார் என்ன கேட்க முடியும்? அவளுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. திரும்பி வந்து பரீட்சை முடிந்ததும் அனுப்புகிறேன் என்றேன்.

“எங்க ஊட்டுப் புள்ளயத் தடுக்க நீங்க யாருங்க?”

“இந்தக் கேட்டைப் போட்டவன்.”

மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனான். கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மாள் போய்விட்டாள். ஆள் வந்து சொன்னது என்னிடம்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

காலையில் புள்ளை பேனாவோடு வந்தது. “கூட்டிட்டுப் போக அம்மா வரேன்னு சொல்லுச்சுங்களா?”

“எழுதிட்டு வா கண்ணு.”

எழுதிவிட்டு வந்தது. மரத்தடியில் நிறுத்திச் சொன்னேன், அம்மாள் என்னிடம் கேட்டுக்கொண்டதையும் சேர்த்து. “சரிங்க” என்றது. அழவில்லை. விரலில் இருந்த மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தது. காரமடைக்குப் போய்ச் சேருமுன் எரித்துவிட்டிருந்தார்கள். மாமன்காரன் காத்திருக்கவில்லை. எழவு விழுந்த வீட்டில் உடனே தாலி ஏறாது, அதனால் காரியம் முடிந்ததும் அது ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டது. ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ். எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை, பலகையில் இங்கிலீஷில் ஒட்டினதை ஆள்விட்டுப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து என்னிடம் பேச்சில்லை. தாய் முகத்தைப் பார்க்க விடாதவர் என்று தோழிகளிடம் சொன்னதாம். சொல்லட்டும்.

படித்து முடித்து அதே பள்ளியில் டியூட்டராகச் சேர்ந்தது. படிப்பு லீவில் யாரையும் வார்டுக்குக் கூப்பிடக்கூடாது என்று சண்டை போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பெயிலாகிற புள்ளைகள் குறைந்தார்கள். ஆண்டு விழாவில் மைக்கில் பேசியது. தூக்கம் வேண்டும் என்றது, வீட்டில் ஆதரவு வேண்டும் என்றது, ஆசிரியர்களுக்கு நன்றி, பெரிய டாக்டருக்கும் நன்றி. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் கண்ணே திரும்பவில்லை.

அம்மிணி, இதை நீ படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்குக் கேட்டைத் திறந்திருந்தால் உனக்கு உன் தாய் முகம் கிடைத்திருக்கும், மைக் கிடைத்திருக்காது. தாய் முகத்தை மறைத்த பழியை என் தலையில் முழுசாக வைத்தாய், நான் மறுக்கவில்லை, சுமக்கிறேன். ஆனால் அந்தப் பாஸில் எனக்கும் பங்கு உண்டு. அடுத்த தடவை மைக் பிடிக்கும்போது டாக்டர் பெயருக்கு முன்னால் என்னைச் சொல்லவேண்டும், மேஸ்திரி கேட்டில் உட்கார்ந்திருந்தார் என்று. நான் இருக்கும்போதே சொல்லவேண்டும்.