ஏழு மேடுகள்

என் ஒன்றுவிட்ட தமையனார் சூசைதாசன் 1956இல் மன்னாரில் பிறந்தார். 1986இல் டென்மார்க்குக்கு வந்து, கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். செவ்வாயைச் சுற்றும் செய்மதியின் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியபின், அவற்றைப் பார்ப்பதே அவருடைய ஓய்வுநேர அலுவலாயிற்று. படத்தில் கதவு கண்டோம், சிலை கண்டோம் என்று ஒரு டேனிஷ் இணையக் குழுவில் எழுதுவோருக்கு, அது பாறை, இது மணல் என்று பொறுமையாக விடையெழுதுவார்.

“செவ்வாய் தோஷம் பாக்கிறவையைக் கண்டிருக்கிறன். செவ்வாயையே பாக்கிற ஆளை இப்பதான் காணுறன்” என்று உடன் வேலை செய்த குணசேகரம் பகிடி பண்ணுவார்.

“தோஷம் ஒண்டையும் காணேல்லை. கல்லுத்தான் கிடக்கு” என்பார் இவர்.

ஒவ்வொரு படத்தையும் அச்செடுத்து, ஓரத்தில் அளவு, வடக்குத் திசை, எடுத்த நேரம், வெயில் வரும் பக்கம் ஆகிய நான்கையும் குறித்த பின்பே கருத்துச் சொல்வது அவர் வழக்கம். மேலிருந்து பார்த்தால் குழியும் மேடும் ஒன்றுபோலத் தோன்றும். நிழலைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். அந்தச் செய்மதியோ எப்போதும் செவ்வாயின் பிற்பகலில் படமெடுத்தது. வெயில் எப்போதும் இடப்புறமிருந்தே வந்தது. நாளடைவில் நேரத்தையும் வெயிலையும் எழுதாமல் விட்டார்.

2009 மே 9, சனிக்கிழமை, ஹேர்னிங்கிலிருந்து எங்களுக்குத் தெரிந்த பவளராணி அவரிடம் வந்தார். பவளராணியின் தம்பி அந்தோனிதாசன், மனைவி பிள்ளைகளுடன் முள்ளிவாய்க்காலில் இருந்தார். ஏப்ரல் 21இல் கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது, கோயில் கிணற்றுக்கு வடக்கே பதுங்குகுழி வெட்டியிருப்பதாகச் சொல்லியிருந்தார். அதன்பின் எடுக்கப்பட்ட செய்மதிப் படமொன்றைப் பவளராணி கொண்டுவந்திருந்தார்.

“சூசையண்ணை, செவ்வாயில கிடக்கிற கல்லையே சொல்லுறீங்கள். இதையும் சொல்லுங்கோ.”

கிணற்றை அவர் கண்டுபிடித்தார். அதற்கு வடக்கே ஏழு வட்டங்கள் தெரிந்தன.

“மண் மூடின பங்கர். ஏழும் மேடாத்தான் நிக்குது, தங்கச்சி. ஒண்டும் இடியேல்லை.”

காணாமற்போனோரைத் தேடுவதற்குச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுக்கும் படிவம் அப்போது பவளராணியின் கைப்பையில் இருந்தது. அதை நிரப்பாமலே வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிட்டார். மே 18இல் போர் முடிந்த செய்தி வந்தபோதும் எடுக்கவில்லை.

மே 21, விண்ணேற்றத் திருநாள் விடுமுறை. அங்கிருந்து வெளியேறும் பாதை தெரிகிறதா என்று சூசைதாசன் படத்தை மறுபடி பார்த்தார். கிணற்றடித் தென்னைகளின் நிழல் இடப்புறம் விழுந்திருந்தது. படம் முற்பகலில் எடுக்கப்பட்டது. வெயில் வலப்புறமிருந்து வந்திருக்கிறது. வெயில் இடப்புறம் வரும்படி தாளைத் தலைகீழாகத் திருப்பினார். ஏழு மேடுகளும் ஏழு குழிகளாயின; இடிந்த பங்கர்களோ, ஷெல் விழுந்த இடங்களோ தெரியவில்லை.

தொலைபேசியில் சொல்ல மனமில்லாமல், காரில் ஹேர்னிங்குக்குப் போனார். அங்கு நடந்ததைப் பவளராணி சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

“தங்கச்சி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது மேடில்லை, குழி.”

“எது?”

“ஏழும்.”

“நீங்கள் சொன்னதை நம்பித்தான் பன்னிரண்டு நாளும் சோறு திண்டனான்.”

“ஓம்.”

“அப்ப தம்பியாக்கள் எங்கை?”

“அது படத்தில தெரியாது. அண்டைக்கும் தெரியாதுதான். தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைச்சிட்டன்.”

பவளராணி எழுந்துபோய்ப் படிவத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“நீங்களே டேனிஷில எழுதுங்கோ. இந்தமுறை தெரிஞ்சதை மட்டும் எழுதுங்கோ.”

தொலைபேசியில் பேசிய தேதி, கிணறு, நான்கு பேரின் பெயர்கள், வயதுகள்: இவ்வளவே எழுதினார். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மறுநாளே அது அனுப்பப்பட்டது.

செப்டெம்பர் 14இல் பதில் வந்தது. பவளராணி உறையைப் பிரிக்காமல் சூசைதாசனைத் தொலைபேசியில் அழைத்தார்.

“வந்து வாசியுங்கோ, அண்ணை.”

அவர் இருமுறை வாசித்த பின்பே வாய் திறந்தார். தம்பியின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியா முகாமில் இருந்தார்கள். அந்தோனிதாசனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.