வீம்புக்குப் படித்த வாய்ப்பாடு

பேருந்து திரும்பும் முக்கில் பஞ்சர் கடை நடத்துகிறவளைத் தெருவே பஞ்சரக்கா என்றுதான் கூப்பிடும். கடை முதலில் அவள் புருஷனுடையது. ஒரு நாள் லாரிச் சக்கரத்தைத் தூக்கப் போய் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு குனிந்து வேலை செய்ய முடியவில்லை. ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தான். கடையை யாருக்காவது விட்டுவிடலாம் என்று அவனுடைய அண்ணன் வந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் இவள் ஷட்டரைத் தூக்கிவிட்டு, வாசலில் கிடந்த சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேட ஆரம்பித்துவிட்டாள்.

முதல் சில மாதங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்பார்கள்.

"டயருக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. வண்டிய நிறுத்துங்க" என்பாள்.

அப்படிப்பட்டவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அவளுக்கு ஒரே மகள். நான்காம் வகுப்பு. வீட்டில் குட்டி என்று பெயர். குட்டி வாய் ஓயாமல் பேசுவாள், கதை சொல்வாள், யார் நடையையும் பேச்சையும் அப்படியே செய்து காட்டுவாள். ஆறாம் வாய்ப்பாடு என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கணக்கு டீச்சர் கெட்டவர் இல்லை. தொண்டை கட்டிப்போய், மேஜை நிறைய நோட்டுகளைத் திருத்த வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சரக்கா கையில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே எதிரில் நின்றாள்.

"உக்காருங்கம்மா. உங்க பொண்ணுக்கு வாய்ப்பாடு ஏறவே மாட்டேங்குது. எல்லாரும் பன்னெண்டு வரைக்கும் கடகடன்னு சொல்றாங்க. இவ அஞ்சுக்கு மேல அப்படியே நின்னுடறா. இந்த மாதிரி பிள்ளைங்க கொஞ்சப் பேர் இருக்காங்க. கணக்கு பீரியட்ல அவங்கள கைவேலை வகுப்புக்கு அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிருக்கோம். அவங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

"என்னையும் இப்படித்தான் அனுப்புனாங்க டீச்சர்."

"எங்க?"

"வெளிய. இதே நாலாங்கிளாஸ்ல. கணக்கு பீரியட் வந்தா வராண்டாவுல உக்காருன்னாங்க. நானும் நிம்மதியாத்தான் உக்காந்திருந்தேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு அஞ்சாம் வாய்ப்பாட்டோட சரி." அவள் குரல் உயரவில்லை. "எம் பொண்ண அனுப்ப மாட்டேன். அரைப் பரீட்சை வரைக்கும் விடுங்க. நான் சொல்லிக் குடுக்கறேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பத்தானே அஞ்சோட சரின்னீங்க? அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கை எல்லாம் இல்ல டீச்சர். வீம்பு."

சொல்லிவிட்டு வந்துவிட்டாளே தவிர, எங்கே தொடங்குவது என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷனுக்கு வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதனால் முதலில் அவனிடம்தான் விட்டாள். அவன் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் முன் மகளை எதிரில் நிறுத்திக்கொண்டு, "ம், சொல்லு. ஓராறு ஆறு, ஈராறு பன்னெண்டு" என்று ஆரம்பிப்பான். நாலாறு வருவதற்குள் அவன் குரல் ஏறும். ஆறாறில் மேஜையைத் தட்டுவான். ஏழாறில் குட்டியின் கண்கள் நிறைந்துவிடும்.

"இத்தனை தடவ சொல்லியும் மண்டைல ஏறலன்னா என்னடி அர்த்தம்?"

அடுப்படியிலிருந்து பஞ்சரக்கா வந்தாள். "என்னங்க, உங்க டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. இனிமே வாய்ப்பாட்டுப் பக்கம் நீங்க வரக் கூடாது."

"உனக்கே தெரியாது. நீ என்னத்த சொல்லிக் குடுப்ப?"

"தெரியாதவங்க ரெண்டு பேரும் சேந்து படிச்சுக்கறோம். தெரிஞ்சவரு போய்க் கிடங்கப் பாத்துக்கோங்க."

அவன் முறைத்துக்கொண்டு போனான். வாசலைத் தாண்டும்போது அவனுக்கும் சிரிப்பு வந்ததைக் குட்டி பார்த்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து பாடம் கடைக்கு வந்தது. பள்ளி விட்டு வந்ததும் குட்டி ஒரு பழைய டயரின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அம்மா டியூபைச் சுரண்டிக்கொண்டே கேட்பாள், "அஞ்சேழு எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

"அது ரெண்டு பேருக்குமே தெரியும். அப்ப ஆறேழு எவ்வளவு?"

"தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. அஞ்சு ஏழு முப்பத்தஞ்சு. இன்னும் ஒரு ஏழ அதுமேல போடு."

குட்டி விரலை மடக்கினாள். "நாப்பத்திரெண்டு."

"நெசமாவா? நல்லா எண்ணுனியா?" அம்மாவும் விரலை மடக்கிப் பார்த்தாள். பிறகு பஞ்சர் போட வந்து காத்திருந்த பால்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டியதும் இருவரும் ஏதோ பரிசு விழுந்த மாதிரி கத்திய கத்தில் அவர் சைக்கிள் சாய்ந்தது.

ஒரு நாள் ஒரு வேனின் நாலு சக்கரத்து நட்டுகளையும் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்திருந்தாள் அம்மா. அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் நாலு வரிசை, வரிசைக்கு ஆறு. எதிரில் இருந்த குட்டி, "ஆறு வரிசைம்மா, வரிசைக்கு நாலு" என்றாள்.

"நாலுதான்டி வரிசை."

"இங்க வந்து பாரேன்!"

அம்மா எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் வந்தாள். மறுபடியும் அந்தப் பக்கம் போனாள். வேன்காரர் பொறுமையிழந்து, "என்னக்கா, நட்டு ஏதும் காணோமா?" என்றார்.

"ஒண்ணும் காணாமப் போகலண்ணே. கெடச்சிருக்கு." அவள் மகள் பக்கம் திரும்பினாள். "குட்டி, நாலாறும் ஆறு நாலும் ஒண்ணுதான்டி! அப்ப எட்டு மூணு தெரியாதுன்னு அழுதியே, மூணு எட்டு உனக்குத் தெரியுமே! பாதி வாய்ப்பாடு நமக்குத் தெரியும்டி. சும்மா பயந்து செத்திருக்கோம்."

சொல்லும்போதே அவளுக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியாத கோபம். இத்தனை எளிதான ஒன்றை வராண்டாவுக்கு வந்து யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்தாள். அன்று வேன் சக்கரத்து நட்டுகளை அவள் முறுக்கிய முறுக்கில் ஸ்பேனர் கிறீச்சிட்டது.

எல்லாமே இப்படிச் சுலபமாக வந்துவிடவில்லை. ஏழெட்டு மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அம்பத்தாறு, மறுநாள் அம்பத்துநாலு. "எனக்கு இது வேணாம்மா, நான் கைவேலைக்கே போறேன்" என்று குட்டி பையைத் தூக்கி வீசிய நாளும் உண்டு.

பஞ்சரக்கா பையை எடுத்துத் தட்டி ஆணியில் மாட்டினாள். "கைவேலை பிடிச்சிருந்தா தாராளமாப் போ. நானே கூட்டிட்டுப் போய் விடறேன். கணக்குக்குப் பயந்து போறதா இருந்தா விடமாட்டேன். ஏழேழு தெரியுமில்ல? அதுகூட ஒரு எட்டு சேத்து வையி."

"ஒரு ஏழும்மா."

"சரி, ஏழு. பாத்தியா, நீயே என்னத் திருத்தற."

அரைப் பரீட்சைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் குட்டியை எழுப்பினார். அன்று சாயங்காலம் நடந்ததைக் குட்டி கடையில் நின்று, டீச்சர் குரலிலும் தன் குரலிலும் மாறி மாறிச் செய்து காட்டினாள்.

"ஏழெட்டு?"

"ஏழேழு நாப்பத்தொம்பது, கூட ஒரு ஏழு, அம்பத்தாறு."

"இப்படிக் கூட்டிச் சொல்லக் கூடாது. நேரா சொல்லணும்."

"நேரா சொன்னாலும் அம்பத்தாறுதானே டீச்சர்?"

வகுப்பே சிரித்ததாம். டீச்சர் சிரிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். பன்னிரண்டு ஒன்பதில் குட்டி தவறவிட்டாள். நடுவில் மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் பையை மாட்ட ஆரம்பித்தார்கள். "போதும், உக்காரு" என்றார் டீச்சர்.

"இன்னும் முடியல டீச்சர். பத்து ஒம்பது தொண்ணூறு. ரெண்டு ஒம்பது பதினெட்டு." குட்டி நின்றபடியே சுவரைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "நூத்தியெட்டு. இப்ப உக்காரறேன்."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாராம். பிறகு, "மெதுவாத்தான் சொல்ற. ஆனா கணக்கு வகுப்புலயே இரு" என்றாராம்.

பஞ்சரக்கா கையிலிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டாள். குட்டியின் வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் கரியாகப் பதிந்தன. காவலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் கடைவாசலில் நின்று, "பன்னெண்டு ஒம்பது எனக்கே கொஞ்சம் யோசிக்கணும்" என்றான். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

விஷயம் வெளியே பரவியது. கைவேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா, சலவைக்காரர், மகளோடு வந்து தயங்கி நின்றார். "உங்க பொண்ணுகூட இவளும் கொஞ்சம் உக்காரட்டுமாக்கா?" அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பழைய டயர்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்துவிட்டது. ஒன்பதாம் வாய்ப்பாட்டை, பத்தாம் வாய்ப்பாட்டிலிருந்து கழித்துக் கழித்துப் பிள்ளைகள் கத்தும்போது கம்பிரசர் சத்தமே கேட்காது.

பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். "இது பஞ்சர் கடையா, பள்ளிக்கூடமா? கஸ்டமர் சொல்ற கலர்கூடக் காதுல விழல. இவங்கள எல்லாம் அனுப்பிடுங்க."

"இவங்கள அனுப்புனது போதும்ணே" என்றாள் பஞ்சரக்கா, சக்கரத்திலிருந்து நிமிராமல். "நான் யாரையும் அனுப்பறதா இல்ல. உங்களுக்குச் சத்தமா இருந்தா கதவச் சாத்திக்கோங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கதவைச் சாத்தவும் செய்தார். டயர் மேல் உட்கார்ந்திருந்த சலவைக்காரர் மகள் பயந்துபோய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் பஞ்சரக்கா. "சத்தமாச் சொல்லு. எனக்கும் காதுல விழணும். நான் இன்னும் எட்டுலதான் நிக்கறேன்."