காந்த மாலையும் குட்டி ரயிலும்

ஜப்பானில் எங்கள் ஹமமாட்சு நகரத்தின் மாதிரி ரயில் மன்றத்தில் நுகாகாவைப் போலப் பிடிவாதக்காரர் வேறு யாரும் இல்லை. நாங்களெல்லாம் கையில் எடுத்தால் கனம் தெரிகிற ரயில்களை ஓட்டுகிறவர்கள். அவருடையதோ மூன்று மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். ஒரு பெட்டி சுண்டுவிரல் நீளம்கூட வராது. நடைமேடையில் நிற்கும் பயணி அரிசிமணியைவிடச் சின்னவர். சலவைக்கடையில் பகலெல்லாம் சட்டை தேய்த்துவிட்டு வந்து, ஒரு தேநீர்த் தட்டின்மேல் மலையும் நிலையமும் தேயிலைத் தோட்டமும் கட்டினார். தோட்டம் என்பது பச்சைச் சாயம் தோய்த்த பழைய துண்டு. அவர் வீட்டில் அதற்குமேல் இடமில்லை. மனைவி மித்சுயோ தட்டைத் தந்ததே பெரிய விஷயம். கண்ணுக்கே தெரியாததை எதற்குப் பார்ப்பது என்று அந்த அம்மாள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

எடையே இல்லாத வண்டி என்பதால், இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ள அதற்குக் காந்தச் சக்கரம். அப்படியும் யாராவது தும்மினால் பயம்தான். போன இரண்டு கண்காட்சிகளிலும் அடிக்கடி தடம்புரண்டு, பார்க்க வந்தவர்கள் அலுத்து நகர்ந்துவிட்டார்கள். இந்த முறையும் விழுந்தால் அடுத்த ஆண்டு நுகாகாவுக்கு மேஜை கிடையாது என்று தலைவர் கோபயகாவா கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நான் அவர் பக்கம் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. மேஜை போனால் அந்த ரயிலைப் பார்க்க உலகத்தில் ஒருவரும் இல்லை.

கண்காட்சி அன்று காலையிலிருந்து வண்டி ஒழுங்காக ஓடியது. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் நுகாகா எங்கள் நாட்டு நிஜ ரயில் ஓட்டுநர் மாதிரி சிக்னலை நோக்கி விரல் நீட்டி, பச்சை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் விசையைத் திருப்பினார். பக்கத்து மேஜையில் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். மதியம் சோற்றுருண்டைப் பொட்டலத்தோடு மித்சுயோ வந்தார். கொடுத்துவிட்டுக் கிளம்பப் போனவர், என்ன நினைத்தாரோ, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தட்டின்மேல் குனிந்தார். தோள்வலிக்கு நல்லது என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் கழுத்தில் காந்த மாலை போட்டிருப்பார்கள். அவரும் போட்டிருந்தார். டிக்கென்று ஒரு சத்தம். ரயில் தண்டவாளத்தில் இல்லை. மித்சுயோவின் கழுத்தில் தொங்கியது.

எதிர் மேஜையிலிருந்த கோபயகாவா வெறும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டார். விழுந்துவிட்டதா என்று கேட்டபடி வந்தார். நுகாகா மனைவியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என் தப்புதான் தலைவரே. சக்கரம் சரியில்ல."

மேஜை போயிற்று என்று எனக்கு மனசு கனத்தது. ஆனால் மித்சுயோ கணவரை ஒதுக்கிவிட்டு முன்னே வந்து, கழுத்தில் தொங்கும் ரயிலோடு இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

"இவர் பொய் சொல்றாருங்க. வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. என் கழுத்துக் காந்தம் இழுத்துடுச்சு."

கூடமே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. விழுந்தது விழுந்ததுதான் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

மித்சுயோ மாலையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார். வீட்டுக்குப் போகவில்லை. மேஜையை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டு, வருகிறவர்களின் கழுத்தையெல்லாம் சோதிக்கத் தொடங்கினார். கிழவர்களும் கிழவிகளும் அடக்கமாக மாலையைக் கழற்றி அவர் பைக்குள் போட்டுவிட்டுத்தான் குனிந்தார்கள். இதென்ன சோதனை என்று பார்க்க வந்தவர்களாலேயே அன்று அந்த மேஜையில்தான் கூட்டம். வண்டி அதற்குப்பின் ஒருமுறைகூட விழவில்லை.

கூடம் மூடும் நேரத்தில் கோபயகாவா வந்து தட்டின்மேல் குனியப் போனார்.

"தலைவரே, கழுத்துல இருக்கறத கழட்டுங்க," என்றார் மித்சுயோ.

அவர் காலருக்குள் கைவிட்டு மாலையைக் கழற்றிக் கொடுத்தார். ரயில் மலையைச் சுற்றி நிலையத்துக்கு வரும்வரை நிமிரவே இல்லை. பிறகு, மதியத்திலிருந்து நின்றுகொண்டே இருந்த மித்சுயோவின் கால்களைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் இந்த மேஜைக்கு ரெண்டு நாற்காலி போடச் சொல்றேன்."