சிகாகோவிலிருந்து எத்தனை மணி நேரம்

அப்பா இறந்த அன்று செங்கல்பட்டிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் ஒல்லியாக, காக்கிச் சட்டையில் இருந்தார். பெட்டியை இறக்கியதும் என்னிடம் கேட்டார்.

"வெளிநாட்லேர்ந்து யார்னா வரணுமா சார்?"

"அண்ணன். சிகாகோ."

"பிராங்பர்ட்ல மாறிகினு வரணும். இருவத்திநாலு மணி நேரம். மீனம்பாக்கத்துலேர்ந்து சிங்கப்பெருமாள் கோயில் ஒரு மணி நேரம். நாளன்னிக்கு காலைல வந்துருவாரு."

எந்த ஊரைச் சொன்னாலும் இப்படி மணிக்கணக்குச் சொல்வார். விமானத்தில் ஏறியதே இல்லையாம்.

மூன்றாம் நாள் காலை அவர் பெட்டியைப் பார்க்க வந்தபோதும் அண்ணன் வந்திருக்கவில்லை.

"போன்ல இன்னா சொன்னாரு சார்?"

"பெட்டியில் எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வர்றவங்க பிளைட் நம்பர் சொல்லுவாங்க சார். எடுத்துருங்க."

எனக்குக் கோபம் வந்தது. நேராக அண்ணனுக்குப் போன் செய்தேன். லீவு கிடைக்கவில்லை, நீயே கொள்ளி வைத்துவிடு என்றான்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கூடத்துக்கு வந்தேன். பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அவர் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.

"பிராங்பர்ட்ல ஒரே பனிம்மா. ஒரு பிளைட்டும் கெளம்பல. உன் புள்ள அங்கதான் மாட்டிகினு அழுதுகினு கீறாரு."

அம்மா தலையை ஆட்டினாள். "பாவம், குழந்தை" என்றாள். அப்பாவை எடுக்கச் சம்மதித்தாள்.

அது ஜூலை மாதம். அந்த மாதத்தில் அங்கே பனி பெய்யாது என்பது அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அம்மாவிடம் நான் அதைக் கடைசிவரை சொல்லவில்லை.